சுவிட்சுகளின் மேல் செல்லோ டேப்

1. பின்னால் யார்?

கே.கே. நகர் வீட்டுக்கு முதன்முதலில் போன அன்று, கேட்டைத் திறந்த சார் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் இருந்த தெருவைப் பார்த்தார்.

"இன்ஜினியர் வண்டிய நிறுத்திட்டு வர்றாராம்மா?"

"நான்தான் சார் வந்திருக்கேன். லைட்டிங் டிசைன் நான்தான் பாக்குறேன்."

"ஓ... சரி சரி. நீ அளவெடுத்துட்டுப் போ. அங்க போயி அவர்கிட்டக் காட்டுவேல்ல?"

எவரிடம் என்று நான் கேட்கவில்லை. டவுனில் நான் வேலை பார்த்த லைட் கடையில் அப்படி ஒரு 'அவர்' கிடையாது. முதலாளி அண்ணாச்சி இருந்தார். ஃபிட்டிங் வேலை பார்க்கும் காளீஸ் அண்ணன் இருந்தார். பிளான் போட்டு, எந்த இடத்தில் எந்த லைட், எத்தனை, எந்த உயரம் என்று முடிவு செய்கிற ஆள் நான் மட்டும்தான்.

லைட் கடைகளில் டிசைனர் வேலைக்கு இப்போது பெண்கள் வரத் தொடங்கியிருக்கிறார்கள். வீட்டோடு ஒட்டிய ஒர்க்‌ஷாப்புக்கு எப்படி லைட் தேர்ந்தெடுப்பது என்று அவர்களில் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். அதற்கு இந்த ஒரு வீட்டைச் சொன்னால் போதும். ஒரு ஒர்க்‌ஷாப்பில் என்னென்ன தப்பு செய்யலாமோ அத்தனையும் இங்கே செய்தார்கள். அதில் ஒன்றுகூட என்னுடையது இல்லை. இதைத் தன்னடக்கத்தோடு சொல்லியிருக்கலாமே என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பாவும் அம்மாவும் சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலில் கூலிக்குப் போனவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். எலெக்ட்ரிக்கல் படித்து முடித்தேன். என் ஒவ்வொரு டிராயிங்கின் மூலையிலும் 'ஈஸ்வரி, பி.இ.' என்று போடுவேன்.

"பேரு சின்னதா இருக்கு, பி.இ. மட்டும் பஸ் போர்டு மாதிரி இருக்கே தங்கச்சி" என்பார் காளீஸ் அண்ணன்.

வேண்டுமென்றுதான் பெரிதாகப் போட்டேன்.

2. தலையின் நிழல்

சார் வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மரத்தில் கடைசல் செய்வது அவருக்கு நெடுநாள் ஆசை. வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்டு ஒரு நீள அறை கட்டி, கோயம்புத்தூரிலிருந்து மரத்தைச் சுற்றவிட்டுக் கடையும் லேத் மெஷின் ஒன்று வாங்கி வந்திருந்தார். மரத்தூளை உறிஞ்சி இழுக்கும் மெஷின் ஒன்று, ஒரு டிரில், ஒரு நீள மேசை. கட்டில் கால், ஊஞ்சல் சங்கிலிக்கு மரக் குமிழ், பேனா என்று செய்து விற்பதாகத் திட்டம்.

லைட்டுக்கு அவர் மனதில் வைத்திருந்தது வேறு. கூரைக்குக் கீழே பிஓபி சீலிங் அடித்து, அதில் வட்ட வட்டமாக ஸ்பாட் லைட். சுவரோரம் கலர் மாறும் ஸ்ட்ரிப். மெஷின் மேல் ஒரு தொங்கு விளக்கு.

"நம்ம சம்பந்தி வீட்டு ஹால்ல இப்படித்தாம்மா போட்ருக்காங்க. சூப்பரா இருக்கு."

"சார், அது உக்காந்து டிவி பாக்குற இடம். இது கத்தி ஓடுற இடம்."

அவரை லேத் வரப்போகும் இடத்தில் நிற்க வைத்தேன். கையை முன்னால் நீட்டச் சொன்னேன். என் போன் டார்ச்சை அவர் முதுகுக்குப் பின்னால், ஸ்பாட் லைட் வர வேண்டும் என்று அவர் ஆசைப்பட்ட இடத்தில் உயர்த்திப் பிடித்தேன். அவர் தலையின் நிழல் அவர் விரல்களின் மேலேயே விழுந்தது.

"பாத்தீங்களா சார்? உங்க தலையே உங்க வேலைய மறைக்குது."

அந்த நேரத்தில் காபியோடு வந்த அவர் மனைவி சத்தமாகச் சிரித்துவிட்டார். "முப்பது வருசமா நான் சொல்றதைத்தான் இந்தப் புள்ளயும் சொல்லுது."

அவர் பள்ளிக்கூட டீச்சர். பக்கத்திலேயே ஒரு தனியார் பள்ளியில் கணக்குப் பாடம். நான் எங்கே படித்தேன், அப்பா என்ன செய்கிறார் என்று விசாரித்தார். சொன்னேன். சிலர் அதைக் கேட்டதும் குரலை மாற்றிக்கொள்வார்கள். டீச்சர் மாற்றவில்லை.

"கொடிக்கால்லேருந்து வந்து பி.இ.யா? ஒங்க அம்மா அப்பா குடுத்து வச்சவங்கம்மா. இந்தாங்க, இன்ஜினியர் காபி குடிக்கட்டும், பெறகு பேசுங்க."

அந்த வீட்டில் என்னை இன்ஜினியர் என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். அன்று முழுக்க அந்தச் சொல் என்னோடு ஸ்கூட்டியில் வந்தது.

நான் போட்டுக் கொடுத்த பிளான் இதுதான். இளையவர்கள் குறித்துக்கொள்ளலாம். வேலை செய்பவரின் முதுகுக்குப் பின்னால் லைட் வரக் கூடாது. மேசைக்கும் லேத்துக்கும் மேலே, ஆளுக்குச் சற்று முன்பக்கமாக, டியூப் லைட் மாதிரி நீளமான பேட்டன் லைட் இரண்டு வரிசை. ரொம்ப வெள்ளையும் வேண்டாம், மஞ்சளும் வேண்டாம், நாலாயிரம் கெல்வின். நிறத்தை உள்ளபடி காட்டுகிற லைட்டாக இருக்க வேண்டும், இல்லையென்றால் தேக்குக்கும் வேங்கைக்கும் வித்தியாசம் தெரியாமல் பாலிஷ் போட்டுவிட்டு வெயிலில் எடுத்துப் பார்த்து அழ வேண்டியிருக்கும். தூள் புகாத மூடி. லேத்தின் தலைப் பக்கம், வளைத்துத் திருப்பிக்கொள்கிற கழுத்துள்ள ஒரு சின்ன டிசி விளக்கு.

எல்லாவற்றுக்கும் மேலாக, துடிப்பு இல்லாத லைட்.

இதை மட்டும் கொஞ்சம் விளக்க வேண்டும். நம் வீட்டுக் கரன்ட் நிலையாக வருவதில்லை, அலையாக வருகிறது. மட்டமான லைட் அந்த அலையோடு சேர்ந்து நொடிக்கு நூறு தடவை மங்கி மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதன் கீழே ஒன்று வேகமாகச் சுற்றினால் கதை மாறும். லேத்தில் மரத்தைக் கவ்விப் பிடிக்கிற தலைக்கு சக் என்று பெயர். சாருடையதில் நான்கு இரும்புப் பல். லைட் ஒருமுறை துடிப்பதற்குள் சக் கால் சுற்றுச் சுற்றிவிட்டால், ஒரு பல் இருந்த இடத்தில் அடுத்த பல் வந்து நிற்கும். ஒவ்வொரு துடிப்பிலும் இப்படியே. பார்க்கிறவர் கண்ணுக்குச் சக் நின்றுவிட்டது. மோட்டாரும் அதே கரன்ட்டில் ஓடுவதால் இது எப்போதோ நடக்கிற அதிசயம் இல்லை. கியர் இல்லாத சின்ன லேத்தில் தினமும் நடக்கும். லைட்டுக்குள் கரன்ட்டைச் சீராக்கிக் கொடுக்கிற டிரைவர் என்ற பாகம் நல்லதாக இருந்தால் துடிப்பு இருக்காது, இந்தக் கண்கட்டும் இருக்காது.

சார் கேட்டுக்கொண்டார். "அம்புட்டு விஷயம் இருக்கா" என்றார். பிறகு மெயின் பாக்ஸை எங்கே வைப்பது என்பதில் சண்டை வந்தது. அசிங்கமாகத் தெரியும், வீட்டுக்குள் பீரோவுக்குப் பின்னால் வைத்துவிடலாம் என்றார். ஒர்க்‌ஷாப் கதவுக்குப் பக்கத்தில், கை எட்டுகிற உயரத்தில், முன்னால் எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும் என்றேன்.

"அந்தப் புள்ள சொல்றதக் கேளுங்களேன்" என்றார் டீச்சர்.

அது ஒன்றுதான் அந்தப் பிளானில் கடைசிவரை மாறாமல் நின்றது.

3. வெளிச்சம் ஒண்ணுதான

திறப்பு நாளுக்குக் கொஞ்சம் முன்னால், கடை குடோனில் சாருக்குப் போக வேண்டிய பெட்டிகள் அடுக்கியிருந்தன. பக்கத்தில் உட்கார்ந்து காளீஸ் அண்ணன் புரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பெட்டி மேல் லேபிளைப் பார்த்தேன். நான் எழுதிக் கொடுத்த மாடல் இல்லை. உடம்பு அதே வெள்ளை பிளாஸ்டிக், அதே நீளம், அதே வாட்ஸ். உள்ளே டிரைவரே கிடையாது. கரன்ட்டை நேரே பல்புக்குக் கொடுக்கிற சரக்கு. ரொம்ப நாளாகக் குடோனில் தேங்கிக் கிடந்தது.

"அண்ணே, இதயா ஏத்தப் போறீங்க?"

"அண்ணாச்சி சொன்னாரு, ஏத்துறேன். என்னையக் கேட்டா?"

அண்ணாச்சியிடம் போனேன். அவர் கல்லாவில் உட்கார்ந்து சாமி படத்துக்குப் பூ மாற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, கே.கே. நகர் சாருக்கு மாத்தி அனுப்புறாங்க. அது லேத் ஓடுற இடம். இந்த லைட்டு போடக் கூடாது."

"அவரு கொறச்சுக் குடுங்கன்னு கேட்டாரு. நானும் கொறச்சுட்டேன். ரெண்டும் எரியுதுல்ல? வெளிச்சம் ஒண்ணுதான?"

"வெளிச்சம் ஒண்ணுதான் அண்ணாச்சி. சுத்துறது நின்ன மாதிரித் தெரியும். யாராச்சும் கைய வச்சுட்டா?"

"ஏம்மா, இங்கருந்து அவனியாபுரம் வரைக்கும் எத்தன லேத் பட்டறை இருக்கு? எல்லாத்துலயும் என்ன லைட்டு தொங்குதுன்னு போயிப் பாரு. எல்லாவனுக்கும் கை இருக்கா இல்லையா?"

அவனியாபுரத்தில் விரல் இல்லாத எத்தனை பேரை எனக்குத் தெரியும் என்று சொல்ல வாய் வரை வந்தது. அவர் பூவை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். சாமி கும்பிடுகிறவரிடம் பேசக் கூடாது. அண்ணாச்சிக்கு எப்போது சாமி கும்பிட வேண்டும் என்பது நன்றாகத் தெரியும்.

சாருக்குப் போன் போட்டேன். "அண்ணாச்சியே எங்கிட்டச் சொல்லிட்டாரும்மா. கம்பெனி ஒண்ணுதானாம்" என்று வைத்துவிட்டார்.

திறப்புக்கு முந்தின நாள் சாயங்காலம் நேரிலேயே போனேன். லைட்டெல்லாம் மாட்டியாகிவிட்டது. லேத்துக்கு இன்னும் ஒயர் கொடுக்கவில்லை, அதனால் ஓட்டிக் காட்ட முடியவில்லை. போன் கேமராவைத் திறந்து லைட்டுக்கு நேரே பிடித்தேன். திரையில் கறுப்புப் பட்டைகள் வரிசையாக ஓடின. துடிக்கிற லைட் கேமராவுக்கு அப்படித்தான் தெரியும்.

"இந்தப் பட்டைதான் சார் துடிப்பு. இதுக்குக் கீழ லேத் ஓட்டாதீங்க. மாத்தித் தரச் சொல்லிக் கேளுங்க, நானும் சொல்றேன்."

சார் போனைப் பார்த்தார், மேலே லைட்டைப் பார்த்தார். "கேமரால தெரியறதுக்கா லைட்டு போடுறோம்? என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியலயே. நல்லாப் பளிச்சுனு இருக்கு."

லேத்தின் தலைப் பக்கம் நான் சொன்ன வளையும் விளக்கு இல்லை. கழற்றி மேசைக்கு அடியில் வைத்திருந்தார்கள்.

"அது ஏன் சார் கழட்டுனீங்க?"

"பாம்பு படமெடுத்த மாதிரி நிக்குதும்மா. போட்டோவுல நல்லாவா இருக்கும்?"

அது துடிக்காத டிசி விளக்கு, அதை மாட்டியிருந்தால்கூட ஓரளவு காப்பாற்றியிருக்கும். சொன்னேன். திறப்பு முடியட்டும் என்றார். டீச்சர் கோலப்பொடி டப்பாவோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். "நாளைக்கு வந்துரும்மா, சாப்ட்டுத்தான் போகணும்" என்றார்.

திரும்பும்போது ஒன்று கவனித்தேன். லைட் சுவிட்சுகள் எல்லாவற்றின் மேலும் செல்லோ டேப் ஒட்டியிருந்தது. அது அவர்கள் வீட்டு வழக்கம். முதல் பூஜைக்கென்று முந்தின நாளே போட்டுவிட்ட லைட்டை, பூஜைக்கு மறுநாள் விடியும்வரை அணைக்கக் கூடாது. கூட்டத்தில் யாராவது மறந்துபோய் அணைத்துவிடுவார்கள் என்று டேப் ஒட்டி வைத்துவிட்டார் சார். ஒவ்வொரு சுவிட்சுக்கும் அளவாக வெட்டி, அழகாக ஒட்டியிருந்தார். அந்த அக்கறையில் கொஞ்சம் அந்தச் சக்கின் மேல் இருந்திருக்கலாம்.

4. பொட்டு

முகூர்த்தம் விடிவதற்கு முன்னால். கடை சார்பில் ஸ்வீட் பாக்ஸ் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு வரச் சொல்லி என்னை அனுப்பியிருந்தார் அண்ணாச்சி. காளீஸ் அண்ணனும் வந்திருந்தார், ஃபிட்டிங்கில் ஏதாவது என்றால் பார்க்க.

சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். ஸ்பீக்கரில் சாமி பாட்டு, பக்கத்து ஆள் பேசுவது கேட்காத அளவுக்கு. ஐயர் மந்திரம் சொல்லி, லேத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டினார். "நல்ல நேரம் போறதுக்குள்ள ஓட்டிடுங்கோ" என்றார்.

சுவரில் இரண்டு ஸ்டார்ட்டர் பெட்டிகள், ஒன்றை ஒட்டி ஒன்று. ஒன்று லேத்துக்கு, ஒன்று தூள் உறிஞ்சும் மெஷினுக்கு. இரண்டிலும் ஒரு பச்சைப் பட்டன், ஒரு சிவப்புப் பட்டன். சார் இரண்டு பச்சையையும் அழுத்தினார். உறிஞ்சும் மெஷின் காது கிழிகிற மாதிரி இரைந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அவர் தங்கை மகன் "மாமா, இனிமே கட்டில் எல்லாம் நம்ம வீட்டுலதான்" என்று கத்தினான். கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சார் சிவப்பை அழுத்தினார். இரைச்சல் நின்றது.

அவர் அழுத்தியது ஒரு சிவப்பைத்தான். உறிஞ்சும் மெஷினுடையதை.

மரம் எதுவும் மாட்டாமல் ஓடுகிற லேத் அதிகம் சத்தம் போடாது. இருந்த கொஞ்சச் சத்தத்தையும் பாட்டு விழுங்கிவிட்டது. நான் சக்கைப் பார்த்தேன். நான்கு பல்லும் தெளிவாக, எண்ணுகிற மாதிரி தெரிந்தன. நின்றுகொண்டிருந்தது.

இல்லை. மெல்ல நகர்ந்தது. பின்பக்கமாக.

ஓடி நிற்கப்போகிற சக்கரம் முன்பக்கமாகத்தான் உருளும். பின்னால் உருண்டு நிற்கிற சக்கரம் உலகத்தில் கிடையாது. சக் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"நின்னுருச்சு, பொட்டு வைம்மா" என்றார் சார்.

டீச்சர் சந்தனக் கிண்ணத்தோடு முன்னால் வந்தார். பட்டுச் சேலை, இரண்டு கையிலும் புதுக் கண்ணாடி வளையல். மோதிர விரலில் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு சக்குக்கு நேரே கையைக் கொண்டுபோனார்.

"டீச்சர்! கையை எடுங்க!"

பாட்டில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு கூட்டம். கதவுப் பக்கம் நான் நின்றிருந்தேன். கை எட்டுகிற உயரத்தில், முன்னால் எதுவும் இல்லாமல், மெயின் பாக்ஸ் இருந்தது. மூடியைத் திறந்து மெயினைக் கீழே இழுத்துவிட்டேன்.

லைட் போனது. பாட்டு போனது. கும்மிருட்டு.

"கையை எடுங்க டீச்சர், சுத்துது!"

இப்போது என் குரல் கேட்டது. அதோடு இன்னொன்றும் எல்லோருக்கும் கேட்டது. அந்த அமைதியில், இருட்டுக்குள், இரும்பு காற்றைக் கிழித்துச் சுற்றுகிற ர்ர்ர் என்ற சத்தம். நின்றுபோன சக்கிலிருந்து வந்த சத்தம். நடுவில் 'டக்' என்று ஒரு கண்ணாடி உடைந்தது. பிறகு ர்ர்ர் மெலிந்து, இழுத்து, அடங்கியது.

5. இருட்டா இருந்துச்சு

முதலில் வந்தது ஒரு பெண்ணின் குரல். "ஐயையோ, விளக்க அணைச்சுட்டாளே பாவி!"

போன் டார்ச்சுகள் எரிந்தன. டீச்சர் வலது கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். மணிக்கட்டில் ஒரு கீறல், கொஞ்சம் ரத்தம். காலடியில் வளையல் துண்டு. ஒரு வளையல்தான். இன்னும் ஒரு விரற்கடை உள்ளே போயிருந்தால் போயிருப்பது வளையல் இல்லை.

காளீஸ் அண்ணன் வந்து மெயினைத் தூக்கிவிட்டார். லைட் எரிந்தது, பாட்டு விட்ட இடத்திலிருந்து பாடியது, யாரோ அதை நிறுத்தினார்கள். லேத் ஓடவில்லை. ஓடாது. கரன்ட் ஒருமுறை போனால் அந்த ஸ்டார்ட்டர் தானாக ஆஃப் ஆகிவிடும். மறுபடி பச்சையை அழுத்தினால்தான் மெஷின் கிளம்பும். பாதுகாப்புக்காக வைத்த அந்த ஏற்பாடே என் சாட்சியைத் துடைத்துவிட்டது. எல்லோர் கண் முன்னாலும் சக் அடக்கமாக நின்றுகொண்டிருந்தது.

"ஏம்மா, அறிவிருக்கா ஒனக்கு?" சார் என் முன்னால் வந்து நின்றார். "நான்தான் ஆஃப் பண்ணிட்டேன்ல? மொத நாளு, சாமி முன்னாடி, விளக்க அணைப்பியா?"

"நீங்க அணைச்சது பக்கத்து மெஷினு சார். லேத் ஓடிக்கிட்டு இருந்துச்சு. இந்த லைட்டுல நின்ன மாதிரித் தெரிஞ்சது. இதத்தான் சார் நான் நேத்து..."

"ஓடுச்சா? இம்புட்டுப் பேரு பாத்துக்கிட்டு நிக்கிறோம், எங்க கண்ணெல்லாம் என்ன பொட்டையா? நீ திடுதிப்புனு இருட்டாக்குன, அவ பயந்து கைய இடிச்சுக்கிட்டா."

"சுத்துற சத்தம் கேக்கலயா சார்?"

"என்ன சத்தம்?"

நான் காளீஸ் அண்ணனைப் பார்த்தேன். அவர் மெயின் பாக்ஸின் மூடியை ரொம்பக் கவனமாகச் சாத்திக்கொண்டிருந்தார்.

டீச்சரைப் பார்த்தேன். அவர் கையில் நடந்தது அவருக்குத் தெரியாமல் இருக்காது. இடித்த வலி வேறு, இரும்பு ஓடி வந்து அடித்த வலி வேறு. என்னை இன்ஜினியர் என்றவர்.

"டீச்சர், நீங்களே சொல்லுங்க. சுத்துச்சா இல்லையா?"

அவர் கணவரைப் பார்த்தார். சுற்றி நின்ற நாத்தனார்களைப் பார்த்தார். கட்டியவரின் புது மெஷின் முதல் நாளே தன் வளையலை உடைத்தது என்று அந்தக் கூட்டத்தில் சொன்னால் அதற்கு என்னென்ன அர்த்தம் எடுப்பார்கள் என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும். கணக்கு டீச்சர்தானே.

"எனக்கு ஒண்ணும் தெரியலம்மா. இருட்டா இருந்துச்சு."

அவ்வளவுதான்.

"நல்ல நாளும் அதுவுமா வளையல ஒடச்சுப்புட்டா" என்றது ஒரு குரல். "படிச்சா மட்டும் போதுமா? நாலு நல்லது கெட்டது பழகியிருக்கணும். எந்த ஊருப் புள்ள இது?"

ஸ்வீட் பாக்ஸை மேசை மேல் வைத்தேன். அது மட்டும்தான் அன்று நான் செய்ய வந்த வேலை. வெளியே வந்து ஸ்கூட்டியை எடுக்கும்போது காளீஸ் அண்ணன் பின்னால் ஓடி வந்தார்.

"நீ சொன்னது சரிதான் தங்கச்சி. எனக்கும் கேட்டுச்சு. விசேஷ வீட்டுல என்னத்தப் பேச, சொல்லு?"

"இப்பப் பேசுறீங்களே அண்ணே, தெருவுல. இது போதும்."

6. வேறொருவர் வாயால்

அண்ணாச்சி திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். "இனிமே சைட்டுக்கு நீ போக வேண்டாம்மா. விசேஷம்னு கூப்டுற எடத்துக்கெல்லாம் ஒன்னைய அனுப்ப முடியாது, ஊருக்குள்ள பேச்சாயிருச்சு" என்றார். பல்பு எரிகிறதா என்று வாங்குபவர் முன்னால் மாட்டிக் காட்டும் கவுன்டரில் என்னைப் போட்டார். பி.இ. படித்தவள் பல்பு மாட்டிக் கழற்றினேன். வில்லாபுரத்திலிருந்து வந்த ஒருவர், "நீதானா மெயின அணைச்ச புள்ள?" என்று கேட்டுச் சிரித்தார்.

கொஞ்ச காலம் கழித்து சார் கடைக்கு வந்தார். டீச்சரும் வந்திருந்தார். சார் என் பக்கம் திரும்பவில்லை. அண்ணாச்சியிடம் குரலைத் தாழ்த்திப் பேசினார். சக் நிற்கிறதா ஓடுகிறதா என்று சந்தேகமாகவே இருக்கிறதாம். ஒருநாள் நின்றுவிட்டது என்று நினைத்து உளியைக் கிட்டக் கொண்டுபோக, அது கையிலிருந்து பறந்துபோய்த் தகரத்தைக் கிழித்ததாம்.

அண்ணாச்சி காளீஸ் அண்ணனைக் கூப்பிட்டார். காளீஸ் அண்ணன் ஒரு டிராயிங்கை எடுத்து வந்து மேசை மேல் விரித்தார். என் டிராயிங். மூலையை மடித்துப் பிடித்திருந்தார்.

"இது ப்ளிக்கர் சார், லைட்டுத் துடிப்பு. நம்ம கண்ணுக்குத் தெரியாது. டிரைவர் உள்ள லைட்டு போடணும். லேத் தலையில வளையுற லைட்டு ஒண்ணு கட்டாயம் வேணும்."

"பாத்தீங்களா அண்ணாச்சி, ஃபீல்டுல இருக்குறவனுக்குத்தான் தெரியுது" என்றார் சார். "வாய்யா மாப்ள, நீயே வந்து நின்னு மாத்திக் குடு."

நான் கேட்டுக்கொண்டே ஒரு பல்பை மாட்டினேன். எரிந்தது. கழற்றினேன்.

டீச்சர் கவுன்டர் பக்கம் வந்து நின்றார். வலது மணிக்கட்டில் அந்தத் தழும்பு வெளுத்துக் கிடந்தது. அதன் மேல் வளையலை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நல்லாருக்கியாம்மா?"

"இருக்கேன் டீச்சர்."

அவர் இன்னும் ஏதோ சொல்லப் போவதுபோல் நின்றார். நான் உதவவில்லை. வகுப்பில் பதில் தெரிந்தும் வாய் திறக்காத பிள்ளைகளை அவர் எப்படி நடத்துவார் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. பின்னால் நின்ற ஆளிடம், "உங்களுக்கு எந்த வாட்ஸ்ண்ணே?" என்றேன். டீச்சர் நகர்ந்து போனார்.

அந்தப் பிளானை இப்போது அந்தக் கடையில் 'ஹோம் ஒர்க்‌ஷாப் பேக்கேஜ்' என்று பெயர் வைத்து விற்கிறார்கள். நன்றாகப் போகிறது என்று காளீஸ் அண்ணன்தான் போனில் சொன்னார். மூலையில் பெயர் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. நான் வெளியே வந்து தனியாக வேலை எடுக்கிறேன். தையல் கூடம், தச்சு அறை, லேத் பட்டறை. விசேஷத்துக்கு மட்டும் யாரும் கூப்பிடுவதில்லை.

7. இளையவர்களுக்கு

வெளிச்சம் முன்பக்கம் வரட்டும். சுற்றுகிற மெஷின் இருந்தால், லைட்டைப் போட்டு, மெஷினை ஓட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பெட்டி மேல் லேபிளை நீங்களே படியுங்கள். ஸ்டார்ட்டர் இரண்டை ஒன்றை ஒட்டி ஒன்று வைக்க விடாதீர்கள். இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும்.

கிடைக்காத ஒன்றைச் சொல்கிறேன். போய்விட்ட விரலை எல்லோரும் பார்ப்பார்கள். போகாத விரலை யாரும் பார்க்க மாட்டார்கள். அந்த டீச்சர் இன்றைக்கும் வலது கையால்தான் போர்டில் கணக்கு எழுதுகிறார். அந்த ஐந்து விரலும் என் சர்டிபிகேட். அதில் என் பெயர் கிடையாது, அவர் போடவும் மாட்டார். உண்மை வெளியே வரும், நன்றி சொல்வார்கள் என்று காத்திருந்து உங்கள் வயதை வீணாக்காதீர்கள். எனக்கு உண்மை வெளியே வந்தது. அது வேறொருவர் வாய் வழியாக வந்தது.

அதனால் புது இடத்துக்குப் போனால், காபி குடிப்பதற்கு முன், யார் உங்களை என்னவென்று கூப்பிடுகிறார்கள் என்று பார்ப்பதற்கு முன், மெயின் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து அது எத்தனை எட்டு என்று தெரிந்துகொள்ளுங்கள். அணைக்க வேண்டிய நேரம் வந்தால் யாரிடமும் கேட்காதீர்கள். அணைத்துவிடுங்கள். இருட்டில் அவர்கள் உங்களை என்ன சொன்னாலும், பத்து விரலோடுதான் சொல்வார்கள்.